அவள் சொன்னது ‘ஆக்கள்’

“ஒரு மொழிபெயர்ப்பாளர் பிழை விட்டால் என்ன செய்யோணும், டீச்சர்?”

“எந்த மொழிபெயர்ப்பாளர்?”

“ஒரு ஆள். சும்மா வைச்சுக்கொள்ளுங்கோ.”

மாதுமை திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்து அழுக்கு உடுப்புகளை எடுத்து வெள்ளையை ஒரு பக்கமும் நிறத்தை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சும்மா ஒரு ஆளுக்காகவோ ஞாயிற்றுக்கிழமை மழைக்குள்ள இவ்வளவு தூரம் வந்தனீங்கள், மாஸ்டர்?”

குணநாயகம் மாஸ்டர் குடையை மடக்கினார். மடக்கியதைத் திரும்ப விரித்தார். கடைக்குள் குடை எதற்கு என்று நினைவு வர, மறுபடி மடக்கினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரத்திலிருந்து அவர் இப்படித்தான் இருந்தார்.

இந்த இரண்டு பேரையும் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டுக் குளிர் ஊர் ஒன்றில், அடைக்கலம் கேட்டு வந்தவர்களின் வழக்கை விசாரிக்கும் மன்றம் இருந்தது. தமிழில் சொல்லப்படுவதை நீதிபதிக்கு இங்கிலீசில் சொல்லவும், நீதிபதி கேட்பதைத் தமிழில் சொல்லவும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைப் பழக்குகிறவள் மாதுமை. பிறந்து வளர்ந்தது அந்த ஊரில்தான். மாஸ்டருக்கு மகள் வயது.

மாஸ்டர் பருத்தித்துறைப் பக்கம் இங்கிலீசு படிப்பித்தவர். அந்தப் பகுதியில் இங்கிலீசு எழுதத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் தன்னிடம் பிரம்படி வாங்கியவர்கள் என்று பெருமையாகச் சொல்வார். பெருமைப்பட வேண்டியது இங்கிலீசுக்கா பிரம்புக்கா என்று நான் கேட்டதில்லை.

வயதில் இளையவளிடம் மாணவனாக உட்கார்ந்தது முதலில் அவருக்குக் கசந்தது. அவள் சொல்லிக்கொடுத்ததும் பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டாதே, குறைக்காதே, மாற்றாதே. அவ்வளவுதான் பாடம்.

“இதுக்கு ஒரு வகுப்போ?” என்று அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதுமை எங்கே இருப்பாள் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தெருமுனையில், காசு போட்டால் ஓடும் மெஷின்கள் வரிசையாக நிற்கும் உடுப்புத் தோய்க்கும் கடையில். மாஸ்டர் அங்கேதான் வந்து நின்றார்.

“இருங்கோ” என்றாள் மாதுமை.

அவர் சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் உட்காரவில்லை.

“நான்தான்” என்றார்.

“ம்.”

“நான்தான் பிழை விட்டனான்.”

மாதுமை கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

“பேர் சொல்லாதேங்கோ. ஊர் சொல்லாதேங்கோ. பிழையை மட்டும் சொல்லுங்கோ.”

“ஒரு பொம்பிளை. பாவம் அது.”

“பாவம் எண்டு அவா சொன்னவாவோ?”

“இல்லை. நான் சொல்லுறன்.”

“அப்ப அதை விடுங்கோ. அவா என்ன சொன்னவா?”



“ஆக்கள் வந்தவை எண்டு சொன்னவா. ஆக்கள் அடிச்சவை எண்டு சொன்னவா.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

 ஒரு மெஷின் தன் வேலையை முடித்து நின்றது. அதற்குள் யாருடைய போர்வையோ நனைந்து கிடந்தது.

“ஆல் தோஸ் வெரி குரூவல் மென் எண்டு சொன்னனான்.”

“தமிழில சொல்லுங்கோ.”

“அந்த மிகக் கொடிய மனிதர்கள் எல்லாரும்.”

மாதுமை ஒன்றும் பேசவில்லை.

பேசாமல் இருந்தால் மாஸ்டருக்கு ஆகாது. வகுப்பறையில் இருந்த நாள்களிலும் அவருக்கு அமைதி பிடிக்காது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

“ஒழுங்கு பிழைக்கேல்லை, டீச்சர். முதல் ஆல். பிறகு தோஸ். பிறகு வெரி. பிறகு குரூவல். கடைசியில மென். பேர்ச்சொல்லுக்கு முன்னால எதை எங்க நிறுத்தோணுமோ அதை அங்கதான் நிறுத்தினனான். இந்த ஊரில பிறந்த பிள்ளையளே இதில தடுமாறும்.”

“வடிவா நிறுத்தியிருக்கிறியள்.”

“ஓம்.”

“அஞ்சு சொல்லு.”

“ஓம்.”

“அவா எத்தினை சொன்னவா?”

மாஸ்டர் குடைப்பிடியைத் திருகினார்.

“ஒண்டு.”

“என்ன அது?”

“ஆக்கள்.”

மழை கண்ணாடியில் வழிந்தது. மாதுமை நிறத் துணிகளை ஒரு மெஷினுக்குள் தள்ளத் தொடங்கினாள்.

“இன்னும் இருக்கோ?”

“இருக்கு.”

“சொல்லுங்கோ.”

“அறை இருட்டு எண்டு சொன்னவா. நான் அப்சலூட்லி டார்க் எண்டனான். கும்மிருட்டு எண்டு.”

“ம்.”

“பிறகு, அதுக்குள்ள ஒரு ஆளின்ர முகத்தைக் கண்டனான் எண்டு சொன்னவா. கதவுக்குக் கீழால வெளிச்சம் வந்ததெண்டு.”

மாதுமையின் கை நின்றது.

“அரசாங்கத்துப் பக்கத்து லோயர் அதைப் பிடிச்சிட்டார். கும்மிருட்டு எண்டு இப்பதானே சொன்னீங்கள், பிறகெப்பிடி வெளிச்சம் எண்டு கேட்டார். இன்னொண்டையும் பிடிச்சார். முதலே எழுதிக் குடுத்த வாக்குமூலத்தில, அந்த ஆக்களில ஒருத்தன் தண்ணி தந்தவன் எண்டு அவா சொல்லியிருக்கிறா. எல்லாரும் கொடியவர் எண்டு இண்டைக்குச் சொல்லுறீங்கள், கொடியவன் தண்ணி தருவானோ, எது பொய் எண்டு கேட்டார்.”

“அவா என்ன சொன்னவா?”

“ஒண்டும் சொல்லேல்லை. என்னைப் பார்த்தவா.”

“பிறகு?”

“நேரம் முடிஞ்சுது. நாளைக்கு மிச்சம்.”

மாஸ்டர் இப்போது உட்கார்ந்தார்.  

“சாப்பிட்டனீங்களோ?” என்று மாதுமை கேட்டாள்.

“இறங்குதில்லை.”

“நித்திரை?”

“கண்ணை மூடினால் அவா பாக்கிறா.”

அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. பயம் தனக்காகவா அந்தப் பெண்ணுக்காகவா என்று பிரித்துப் பார்க்கவும் பயமாக இருந்தது.

“அவா பொய் சொல்லுறா எண்டு ஜட்ஜ் முடிவெடுத்தால் அவாவைத் திருப்பி அனுப்பிப் போடுவினம், பிள்ளை” என்றார். டீச்சர் என்ற சொல் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. “அதே ஆக்களிட்ட.”

“எந்த ஆக்களிட்ட?”

அவர் வாயைத் திறந்தார். சொல் வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிவிட்டுச் சொன்னார்.

“ஆக்களிட்ட.”

மாதுமை தலையசைத்தாள். பிறகு, சம்பந்தமே இல்லாதது போல, “ஒரு பயிற்சி செய்வமோ?” என்றாள்.

“இப்பவோ?”

“மெஷின் ஓடி முடிய நேரம் இருக்கு. நான் தமிழில சொல்லுறன். நீங்கள் இங்கிலீசில சொல்லுங்கோ. மன்றத்தில சொல்லுற மாதிரி.”

மன்றத்தில் சொல்வது என்றால், மொழிபெயர்ப்பாளர் தானே அந்த ஆள் ஆகிவிட வேண்டும். ‘அவள் போனாளாம்’ என்று சொல்லக் கூடாது. ‘நான் போனேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். மன்றத்தில் அவருக்கென்று தனியாக ஒரு ‘நான்’ கிடையாது. தனக்காக ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், கை தூக்கி, ‘மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்’ என்று தன்னையே மூன்றாம் ஆளாகச் சொல்ல வேண்டும். மாஸ்டர் அந்தக் கையை இதுவரை தூக்கியதில்லை. கை தூக்குவது மாணவன் செய்கிற காரியம் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

மாதுமை சொன்னாள்.

“என்ர அம்மா போன மாரியில செத்தவா. நான் போகேல்லை.”

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கிலீசு அவர் வாயில் எப்போதும் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி வரும். சொல்லி முடித்தார்.

“இப்ப அதையே தமிழில திருப்பிச் சொல்லுங்கோ.”

“என் அருமை அம்மா போன மாரியில் காலமானார். என்னால் போகவே முடியவில்லை.”

“என்ர அம்மா எனக்கு அருமையோ, மாஸ்டர்?”

அவர் விழித்தார்.

“அம்மா எண்டால்...”

“எனக்கும் அவாவுக்கும் கதை பேச்சில்லை. நான் சின்னனா இருக்கேக்க விட்டிட்டுப் போனவா. எனக்குப் போக ஏலும். டிக்கெட் அண்ணா எடுத்துத் தாறன் எண்டவர். நான்தான் போகேல்லை.”

மாஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது.

“எனக்குத் தெரியாது, டீச்சர்.”

“தெரியாது எண்டு தெரியும்.”

“நல்ல மனசோடதான் சொன்னனான்.”

“அதுவும் தெரியும்.”

“உண்மையா அப்பிடி நடந்ததோ? இல்லாட்டி பயிற்சிக்குச் சொன்னனீங்களோ?”

மாதுமை முதல் தடவையாகச் சிரித்தாள். அது சந்தோசமான சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

“உண்மை பொய் பாக்கிறது எங்கட வேலையோ, மாஸ்டர்?”

அவர் வாயடைத்துப்போனார். மனுசன் வாழ்நாளில் வாயடைத்துப்போன தருணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

மாதுமை மற்ற மெஷினின் கதவைத் திறந்து வெள்ளைத் துணிகளை உள்ளே போட்டாள். மேலே ஒரு குழந்தையின் சட்டை. நெஞ்சில் குழம்பு ஊற்றிக் காய்ந்திருந்தது.

“அந்தத் தூளைப் போட்டு விடுங்கோ, மாஸ்டர்.”

“எவ்வளவு?”

“மூடியில கோடு இருக்கு.”

ஏதாவது வேலை கிடைத்ததே என்று மாஸ்டர் எழுந்தார். மூடியை எடுத்துக் கோடு வரை தூளை நிரப்பி, மெஷினின் தட்டில் கொட்டினார். குழம்புக் கறையைப் பார்த்தார். சரியான ஊத்தையாக இருந்தது. இன்னொரு மூடி கொட்டினார். பாவம், குழந்தையின் சட்டை. கடைசியாக இன்னொரு மூடியும் போட்டார்.

மாதுமை பார்த்துக்கொண்டுதான் நின்றாள். தடுக்கவில்லை. கதவைச் சாத்தி மெஷினை ஓட விட்டாள்.

இருவரும் வாங்கில் உட்கார்ந்தார்கள்.

“நாளைக்கு நான் கை தூக்கினால் என்ன நடக்கும்?” என்று மாஸ்டர் கேட்டார்.

“தெரியாது.”

“பட்டியலில இருந்து என்ர பேரை வெட்டிப்போடுவினம்.”

“வெட்டலாம்.”

“இந்த வயதில எனக்கு வேற ஆர் வேலை தருவினம்?”

மாதுமை வெறும் பையை மடித்து மடியில் வைத்தாள்.

“வேலை போனால் போகட்டும். மானம் இருக்கெல்லோ. இங்கிலீசு மாஸ்டருக்கு இங்கிலீசு தெரியேல்லை எண்டு சனம் சொல்லும்.”

“சொல்லும்.”

“அதுவும் போகட்டும். நான் சொல்லுறதால அவாவுக்குக் கூடாமல் போனால்? எல்லாத்தையும் குழப்பிப்போட்டான் எண்டு ஜட்ஜுக்குக் கோபம் வந்தால்? அந்தக் கோபம் அவாவில விழுந்தால்?”

“விழலாம்.”

“நீங்கள் ஒண்டுக்கும் இல்லை எண்டு சொல்லுறீங்களில்லை!”

அவர் குரல் உயர்ந்துவிட்டது. போர்வையை எடுக்க வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாததை என்னெண்டு சொல்லுறது, மாஸ்டர்?”

அப்போதுதான் மாஸ்டர் எதிரே பார்த்தார்.

மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் துணி தெரியவில்லை. வெறும் நுரை. நுரை கண்ணாடியை நிறைத்து, மேலே தூள் போடும் தட்டின் இடுக்கால் கசிந்து, முகப்பில் வழிந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ!” என்று எழுந்தார்.

உள்ளே இருந்து கடைக்காரப் பெண் வந்தாள். அந்த ஊர்க்காரி, பெரிய உடம்பு. கையில் தரை துடைக்கும் தடி.

“யார் இவ்வளவு தூள் போட்டது?” என்று அவள் இங்கிலீசில் கேட்டாள்.

மாஸ்டர் மாதுமையைப் பார்த்தார். மாதுமை வெளியே மழையைப் பார்த்தாள்.

போர்வைக்காரர் மாஸ்டரைப் பார்த்தார்.

“நான்தான்” என்றார் மாஸ்டர்.

“கோடு தெரியவில்லையா?”

“தெரிந்தது.”

கடைக்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் திட்டவில்லை. தடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, மெஷினில் ஏதோ பொத்தானை அழுத்தினாள்.

“தூள் போடாமல் வெறும் தண்ணீரில் மறுபடி ஓட வேண்டும். போதாவிட்டால் இன்னொரு தடவை. துடைத்துவிட்டு உட்காருங்கள்.”

இங்கிலீசு மாஸ்டர் குனிந்து தரையைத் துடைத்தார். நுரை துடைக்கத் துடைக்கப் பரவியது. காற்சட்டையின் அடி நனைந்தது. துடைத்து முடித்தபோது மூச்சு வாங்கியது.

“டீச்சர்.”

“ம்.”

“நாளைக்கு நான் கை தூக்கோணுமோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

மாதுமை மெஷினைக் காட்டினாள்.

“சட்டை தெரியுதோ?”

அவர் குனிந்து பார்த்தார்.

“இல்லை.”

“அப்ப இருங்கோ.”

அவர் இருந்தார். மெஷின் தண்ணீரைக் கொட்டியது, எடுத்தது, மறுபடி கொட்டியது.  அவர் மறுபடி கேட்கவில்லை. 

திங்கட்கிழமை காலையில் மன்றம் கூடியது.

சின்ன அறை. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதி, நரைத்த பெண்மணி. இந்தப் பக்கம் ஒரு முனையில் அரசாங்கத்து லோயர். மறுமுனையில் அந்தப் பெண்ணின் லோயர். நடுவில் அந்தப் பெண். அவள் பெயர் தவமலர்.

மாஸ்டர் அவளுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்தார். அவள் வணக்கம் சொல்லவில்லை. அவராலும் சொல்ல முடியவில்லை, சொல்லவும் கூடாது.

தண்ணீர் குடித்தார். 

அரசாங்கத்து லோயர் எழுந்தார். தடிமன் பிடித்தவர் போல, மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை விட்ட இடத்திலிருந்து கேட்கிறேன். உங்களை எல்லாரும் அடித்தார்கள் என்றீர்கள். உங்கள் வாக்குமூலத்திலோ ஒருவர் தண்ணீர் கொடுத்தார் என்று இருக்கிறது. எதை நம்புவது?”

மாஸ்டர் அதைத் தமிழில் சொன்னார்.

தவமலர் அவரைப் பார்த்தாள். பிறகு லோயரைப் பார்த்தாள்.

“நான் எல்லாரும் எண்டு சொல்லேல்லை.”

மாஸ்டர் அதை இங்கிலீசில் சொன்னார். தன் வாயாலேயே சொன்னார்: நான் எல்லாரும் என்று சொல்லவில்லை.

லோயர் தன் தாளைத் தட்டினார்.

“இங்கே குறித்திருக்கிறேனே. நாங்கள் எல்லோரும் கேட்டோமே. நீங்கள் சொன்னதை இப்போது நீங்களே மறுக்கிறீர்களா?”

அதையும் மாஸ்டர் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னார். 

தவமலருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. தான் சொல்லாத ஒன்று தன் பெயரில் இந்த அறைக்குள் நிற்கிறது என்பது மட்டும் விளங்கியது. அவள் கைகள் மேசைக்குக் கீழே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. மாஸ்டர் அதைப் பார்த்தார்.

நீதிபதி பேனாவை எடுத்தார்.

அந்தப் பேனா தாளைத் தொட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.  எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, மனுசன் நினைத்தார்தான்.

பிறகு கையைத் தூக்கினார்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் தூக்குவது போலத்தான் தூக்கினார், தலைக்கு மேலே, நேராக. வேறு மாதிரித் தூக்க அவருக்குத் தெரியவில்லை.

“சொல்லுங்கள்” என்றார் நீதிபதி.

“மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல அனுமதி கேட்கிறார்.”

“சொல்லட்டும்.”

“வெள்ளிக்கிழமை சாட்சி ‘ஆக்கள்’ என்று மட்டுமே சொன்னார். ‘எல்லாரும்’ என்பது மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. ‘மிகக் கொடிய’ என்பதும் மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. அறை இருட்டு என்றுதான் சாட்சி சொன்னார். கும்மிருட்டு ஆக்கியவர் மொழிபெயர்ப்பாளர்.”

 அரசாங்கத்து லோயர் மூக்கைத் துடைக்கக் கொண்டுபோன கையை நடுவில் நிறுத்தியிருந்தார்.

“ஏன் சேர்த்தார்?” என்று நீதிபதி கேட்டார்.

இதற்கு மாஸ்டர் பதில் தயார் செய்து வைத்திருந்தார். முந்தின நாள் முழுக்க யோசித்த நல்ல பதில். அது இப்போது வரவில்லை.

“சாட்சி சொன்னது போதாது என்று மொழிபெயர்ப்பாளர் நினைத்துவிட்டார்.”

நீதிபதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேறு எங்கேயாவது இப்படிச் சேர்த்தாரா?”

இல்லை என்று சொல்லலாம். அந்த மூன்றோடு முடிந்துவிடும். மூன்று சொல்லை வெட்டிவிட்டு வழக்கு நடக்கும், அவர் பெயரும் தப்பினாலும் தப்பும். பொய்யும் இல்லை, ஏனென்றால் அவருக்கு நினைவில் இருந்தது அந்த மூன்றுதான்.

“மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது” என்றார் மாஸ்டர். “எத்தனை இடத்தில் என்று அவரால் சொல்ல முடியவில்லை.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்படியானால் வெள்ளிக்கிழமை சொன்ன எதையும் நான் எடுத்துக்கொள்ள முடியாது. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்க வேண்டும். சாட்சிக்கு இதைச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்கு இன்னொரு நாள் குறிக்க வேண்டி வரும். எப்போது என்று இப்போது சொல்ல முடியாது. இல்லை என்றால் இவரை வைத்தே இன்றைக்குத் தொடங்கலாம். முடிவு அவருடையது.”

முதலிலிருந்து எல்லாவற்றையும்.

அது அவளுக்கு என்ன என்று மாஸ்டருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து வந்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர்தான். ஜீப், அறை, கதவுக்குக் கீழால் வந்த வெளிச்சம், அதற்குப் பிறகு நடந்தவை. தன்னால் அத்தனையையும் அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது. அது நீதிபதி சொன்னது இல்லை. விழுங்கிக்கொண்டார்.

நீதிபதி சொன்னதைத் தமிழில் சொன்னார். தன்னைப் பற்றிய பகுதியையும் சொன்னார், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போல.

தவமலர் கேட்டுக்கொண்டிருந்தாள். 

அவளுடைய லோயர் அவள் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அவள் கையை அசைத்து அவரை நிறுத்தினாள்.

 வேறு ஆள் வேண்டும் என்று சொல்லிவிடட்டும் என்று அவர் மனசு கெஞ்சியது. சொல்லிவிடக் கூடாது என்றும் கெஞ்சியது.

“புதுசா ஒரு ஆளுக்கு முன்னால என்னால சொல்லேலாது” என்றாள் தவமலர். “இவரே இருக்கட்டும்.”

மாஸ்டர் அதை இங்கிலீசில் சொன்னார்.

நீதிபதி தலையசைத்து, புதிய தாள் ஒன்றை எடுத்தார்.

“இன்னும் ஒண்டு சொல்லோணும்” என்றாள் தவமலர்.

மாஸ்டர் அதையும் சொன்னார். நீதிபதி நிமிர்ந்தார்.

தவமலர் இப்போது மாஸ்டரைப் பார்க்கவில்லை. நேராக நீதிபதியைப் பார்த்துப் பேசினாள். அவளுக்கு இங்கிலீசு தெரியாது, நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவரைப் பார்த்தே பேசினாள்.

“வெள்ளிக்கிழமை நான் சொல்லச் சொல்ல இவர் அழுதவர். நான் அழேல்லை. இண்டைக்கு இவர் அழக்கூடாது. அழுறதெண்டால் நான் அழுவன்.”

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

அறையில் எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்க வேண்டும் என்றால் அவர் சொன்னால்தான் உண்டு.

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் நீதிபதி.

குணநாயகம் மாஸ்டர் மூச்சை இழுத்தார்.

“வெள்ளிக்கிழமை நான் சொல்லச் சொல்ல இவர் அழுதார்” என்று இங்கிலீசில் சொன்னார். “நான் அழவில்லை. இன்றைக்கு இவர் அழக் கூடாது. அழுவதென்றால் நான் அழுவேன்.”